பின்சக்கரத்தில் நிற்காத காற்று

1971, ஆகஸ்ட் 11
இன்றும் பின்பக்கத்து இடது சக்கரம் காற்றிறங்கி உட்கார்ந்துவிட்டது. ஊரூர் குப்பத்து மணலில், மீன்கூடைகளெல்லாம் ஏற்றி முடித்த பிறகு. மீன்காரி கன்னியம்மா இறங்கிச் சக்கரத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "இன்னா நைனா, உன் வண்டி எங்கள இட்டுகினு போவுமா, நாங்க அத தூக்கிகினு போவணுமா?" மற்றப் பெண்கள் சிரித்தார்கள்.

கூடைக்காரிகளைக் கண்டக்டர்கள் பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள். அதை நம்பித்தான் ராணுவ ஏலத்தில் இந்த ஜீப்பை எடுத்தேன். மணலிலும் போகும், மாம்பலம் மார்க்கெட்டுக்கும் போகும். காற்று நின்றால்.

சாயங்காலம் அண்ணன் தன் சேலைக்கடைக்குக் கூப்பிட்டுவிட்டார். "ஏலே வெள்ளத்தொர, ஆயுத பூசை வரைக்கும் பாரு. வண்டி ஒழுங்கா ஓடுச்சுன்னா நானே வந்து பொட்டு வைக்கேன். இல்லன்னா வித்துப்போட்டுக் கடைக்கு வந்துரு. தீவாளிக்கு ஆள் வேணும்." அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் எரிச்சல். எட்டு வருஷம் ரங்கநாதன் தெருவில் சேலை விரித்து, மடித்து, விரித்து... இன்னொரு தீபாவளிக்கு அந்த வெள்ளை மெத்தையில் உட்கார்ந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

ஆகஸ்ட் 14
அடையாறு பஞ்சர் கடை இனாயத் பாய் டியூபைத் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தார். வால்வின் அடியில் குமிழி. அந்த இடத்தில் ஒட்டு நிற்காதாம், புது டியூப்தான். உள்ளே உராயாமல் இருக்கப் பவுடர் தூவச் சொன்னார். மாட்டுவதை வீட்டிலேயே நான் செய்தேன். பங்கஜத்தின் பவுடர் டப்பா காலி. "பொண்டாட்டி மூஞ்சிக்கு இல்ல, டயருக்கு இருக்கு" என்றாள்.

ஆகஸ்ட் 20
புது டியூப். பழைய கதை. அதே வால்வடி.

ஆகஸ்ட் 23
வெளிநாட்டில் டியூபுக்குள் ஏதோ பசை ஊற்றுகிறார்களாம், ஓட்டையைத் தானே அடைத்துக்கொள்ளுமாம். அதற்கு இங்கே எங்கே போவது? எங்கள் குடும்பத்தில் எதற்கும் மருந்து ஜவ்வரிசிக் கஞ்சிதான். நூல்சேலை அதில்தானே விறைப்பாக நிற்கிறது? வேலம்பிசினும் கலந்து கொதிக்கவைத்து, ஆறியதும் வால்வு வழியாக ஊற்றினேன். பங்கஜம் அடுப்படியிலிருந்து, "டயரை இஸ்திரி போடப் போறியளா?" என்றாள்.

ஆகஸ்ட் 26
நிற்கிறது! தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். நிற்கிறது.

செப்டம்பர் 2
எழுதவே கூசுகிறது. கஞ்சி புளித்துப் பொங்கிவிட்டது. பாண்டி பஜார் நடுவில், நல்ல வெயிலில், வால்வு பிய்த்துக்கொண்டு போயிற்று. கூடையெல்லாம் புளிச்ச கஞ்சி. மீன்நாற்றமே தேவலை. "மீன யார்னா வாங்குவாங்களா நைனா இனி? நாலு வூட்டுச் சோறு இது" என்றாள் கன்னியம்மா. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் கத்தவில்லை.

செப்டம்பர் 4
மறுபடி புது டியூப். கன்னியம்மா மட்டும் ஏறினாள். மற்றவர்கள் கூடையோடு நடந்தே போனார்கள். நான் அவர்களைத் தாண்டிப் போகவேண்டியிருந்தது.

செப்டம்பர் 12
பேசாம வித்துத் தொலைச்சிடலாமா? யாருக்கு இந்தப் பிடிவாதம்?

செப்டம்பர் 19
இன்று பங்கஜமும் கடற்கரைக்கு வந்தாள். திரும்பும்போது சக்கரத்தருகே குனிந்து, "வரும்போது வால்வு நேரா நின்னுச்சு. இப்ப சாஞ்சு நிக்கு" என்றாள். தையல் சுண்ணாம்புக் கட்டியால் டயரின் மேலும் இரும்பு வளையத்தின் மேலும் சேர்த்து ஒரே கோடாகப் போட்டேன். மறுபடி மணலில் ஒரு சுற்று. கோடு இரண்டாகி ஒரு சாண் விலகியிருந்தது!

மணலில் புதையாமல் இருக்க நான் காற்றைக் குறைக்கிறேன். பிடிப்பு தளர்ந்து டயர் வளையத்தின் மேல் வழுக்குகிறது. டியூபையும் இழுத்துக்கொண்டு போகிறது. வளையத்து ஓட்டையில் மாட்டிய வால்வு என்ன செய்யும்? கிழிகிறது. வழுக்க விட்டது யார்? நான்தான். பாய் டியூபுக்குத்தான் பவுடர் சொன்னார். நான் டயரின் விளிம்புக்கும், இரும்பைக் கவ்வுகிற இடத்துக்கும், தாராளமாகப் பூசி இன்னும் வழுக்கவிட்டிருக்கிறேன். சேலைக்காரன் கை. எதையும் வழவழப்பாக்காமல் விடாது.

செப்டம்பர் 21
வளையத்தை உப்புத்தாளால் தேய்த்தேன். டயர் விளிம்பைச் சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைத்து மாட்டினேன். காற்றையும் முன்போல் அவ்வளவு குறைக்கவில்லை. புதைகிற இடத்தில் கன்னியம்மா பழைய தென்னங்கீற்றைப் போட்டுத்தந்தாள். கோடு அசையவில்லை.

செப்டம்பர் 25
கோடு அங்கேயே இருக்கிறது. நடந்துபோனவர்கள் இன்று ஏறினார்கள்.

செப்டம்பர் 28, ஆயுத பூஜை
அண்ணன் சொன்னபடியே வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, சக்கரத்துக்குச் சக்கரம் குனிந்து சந்தனம் குங்குமம் வைத்தார். இடது பின்சக்கரத்தைக் கையால் அழுத்திப் பார்த்தார். "காத்து நிக்குதாலே?"
"நிக்குண்ணே."
"சரி." காப்பி வேண்டாம் என்று போய்விட்டார்.

செப்டம்பர் 30
அண்ணியின் தம்பியைக் கடையில் என் இடத்தில் உட்காரவைத்துவிட்டார்கள். விஜயதசமியன்றே. பங்கஜம் சொல்லித்தான் தெரியும். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எதற்குக் கேட்பார்கள்? வேண்டாம் வேண்டாம் என்று நின்றது நான்.

காலையில் கூடைகளோடு கடை வழியாகவே ஓட்டினேன். அவன் மேலே தெரியவேண்டிய முந்தானையை உள்ளே வைத்து மடித்துக்கொண்டிருந்தான். அண்ணன் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், திருத்தவில்லை. இறங்கிப் போய்ச் சொல்லலாமா என்று வண்டியை நிறுத்தினேன்.

பின்னாலிருந்து கன்னியம்மா கேட்டாள். "இன்னா நைனா, மறுபடியும் காத்து பூட்ச்சா?"

"இல்லை, நிக்குது" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.