இருபத்து மூன்றாம் கொக்கி

மார்ச் 3, செவ்வாய்

மாமா இன்று கொண்டுவந்த புதுத் தகர வில்லைகளிலும் ஒன்று முதல் நாற்பது வரைதான் எண் அடித்திருக்கிறது. என் பலகையில் தொங்குவதும் ஒன்று முதல் நாற்பது. அதே வட்டம், அதே அளவு. பழசு மங்கல், புதுசு மினுக்கல். புதுசில் மாட்ட வளையம் கிடையாது, வெறும் ஓட்டை. அவ்வளவுதான் வித்தியாசம்.

புதுசு பை அறைக்கு. திருவிழா நடக்கும் ஐந்து நாளும் கோயிலுக்குள் பை கொண்டுபோக விடமாட்டார்கள். வெளியூர்ப் பயணிகள் மாமாவின் பயண ஏற்பாட்டு அலுவலகத்தில் பையை வைத்துவிட்டு வில்லை வாங்கிக்கொள்வார்கள். பழசு மலைக்கு. மலைப்பாதையில் நடக்கப் போகிறவர்களுக்கு ஆளுக்கொன்று நான் கொடுப்பேன். இறங்கி வந்ததும் வாங்கி அந்தந்தக் கொக்கியில் மாட்டுவேன். நாற்பதும் தொங்கினால் மலை காலி என்று அர்த்தம். அதைப் பார்த்துவிட்டுத்தான் அப்பா பாதைக் கதவைப் பூட்டுவார். பதினாறு வருடமாக அப்பாதான் அந்த மலைக்கு வழிகாட்டி.

‘மாமா, எண் ஒண்ணாயிருக்கே.’ மூன்றே சொல். காலையிலிருந்து தொண்டையில் வைத்திருந்தேன். மாமா போனில் பேசினார். பிறகு சாப்பிட்டார். பிறகு கிளம்பிவிட்டார்.

பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான். வருகை எடுக்கும்போது என் குரல் வாத்தியார் மேசை வரைக்கும் போகாது. கையையாவது தூக்கு என்பார். அதுவும் வராது. வகுப்பில் உட்கார்ந்துகொண்டே எத்தனையோ நாள் ‘வரவில்லை’ ஆகியிருக்கிறேன். ஒன்பதாவது படிக்கும்போது அம்மாவுக்கு முதுகில் ஆபரேஷன். பலகைக்குப் பக்கத்தில் அவளுடைய ஸ்டூலில் நான் வந்து உட்கார்ந்தேன். பள்ளிக்கூடத்தில் யாரும் தேடியிருக்க மாட்டார்கள்.

மார்ச் 5, வியாழன்

திருவிழா தொடங்கிவிட்டது. சாமி எத்தனை மணிக்கு வெளியே வரும் என்று ஒருவர் மாமாவைக் குடைந்துகொண்டே இருந்தார். “சாமிகிட்ட கடிகாரம் இல்ல சார், நீங்க கொஞ்சம் முன்னாடியே போய் நின்னுக்குங்க” என்றார் மாமா. எல்லாரும் சிரித்தார்கள். மாமாவுக்கு வாயிலேயே பிழைப்பு. நான் வாயில்லாப் பூச்சி. அவர் வைத்த பெயர்தான்.

எனக்கு அவர் ஒரே ஒரு வாக்கியம் சொல்லிக் கொடுத்திருக்கிறார். வில்லை கொடுக்கும்போது ஒவ்வொருவரிடமும் சொல்ல வேண்டும்: “இது திரும்பி வரலைன்னா நாங்க தேடி வருவோம்.” அது மட்டும் எனக்குச் சுத்தமாக வரும். யோசிக்க வேண்டாம் அல்லவா.

தனியாக வந்திருக்கும் ஒரு அம்மா. அறுபது வயதிருக்கும். கழுத்தில் தூரக்கண்ணாடி, பறவை பார்க்க. அவருக்கு இருபத்து மூன்று கொடுத்தேன். சாயங்காலம் திருப்பித் தரும்போது, “நாளைக்கும் இதே நம்பர் குடும்மா, ராசியா இருக்கு” என்றார். தலையாட்டினேன்.

மார்ச் 6, வெள்ளி

பயங்கரக் கூட்டம். காலையில் அந்த அம்மாவுக்கு அதே இருபத்து மூன்று கொடுத்தேன். கை ஓயவில்லை. ஐந்தரைக்குப் பலகை நிறைந்தது, அப்பா பூட்டினார். இருபத்து மூன்று ஏன் மினுக்குகிறது? நாளைக்கு மாமாவிடம் கேட்க வேண்டும்.

மார்ச் 7, சனி

கேட்டிருந்தால்.

காலையில் முதல் கூட்டத்தை அழைத்துக்கொண்டு போன அப்பா, இரண்டாம் வளைவுக்குக் கீழே அந்த அம்மாவைப் பார்த்திருக்கிறார். ஏதோ பறவைக்குப் பின்னால் போய்ச் சறுக்கிவிட்டாராம். கணுக்கால் உடைந்து ராத்திரி முழுக்க அங்கேயே கிடந்திருக்கிறார். அப்பா முதுகில் சுமந்து இறக்கினார்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. நேற்றுக் கூட்டத்தில் மாமா வில்லையை வாங்காமலே பைகளை எடுத்து நீட்டிக்கொண்டிருந்தார். யாரோ ஒருவர் பையை வாங்கிக்கொண்டு, கையில் மிஞ்சிய வில்லையை என் மேசையில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். பை அறை இருபத்து மூன்று. நான் அதை எடுத்து... வளையம் இல்லையே என்று, என் சட்டையில் பட்டன் போன இடத்தில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, அதில் கோத்து மாட்டினேன். நான்தான் மாட்டினேன். ஐயோ, இந்தக் கையாலதான் மாட்டினேன். மினுக்குதுன்னு தெரிஞ்சும் வாயைத் தொறக்கலையே நான்.

மாமா அப்பாவிடம் மெதுவாகக் கேட்டார். “பலகையப் பாத்துட்டுத்தானே மச்சான் பூட்டினீங்க?”

“பாத்தேன் மாப்ளே. நாப்பதும் தொங்குச்சு.”

மாமா பலகைக்குப் பக்கத்தில் போனார். இருபத்து மூன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நான் பார்ப்பதைக் கண்டதும் சிரித்தார்.

மார்ச் 8, ஞாயிறு

அரசு சுற்றுலா அலுவலகத்திலிருந்து அதிகாரி வந்தார், ஞாயிறு என்றும் பாராமல். மாமா அவருக்கு நாற்காலி போட்டு, மின்விசிறியைத் திருப்பி வைத்தார். கொக்கி காலியாகத்தான் இருந்தது, வழிகாட்டி கவனிக்காமல் பூட்டிவிட்டார் என்று சொன்னார். கூசாமல் சொன்னார்.

அப்பா, “இல்ல சார், பலகை நெறைஞ்சுதான்...” என்று தொடங்கினார். அப்போது அவர் கண் என் ஸ்டூல் பக்கம் வந்தது. பலகை நிறைந்திருந்தால், நிறைத்தது யார்?

அப்பா கண்ணை எடுத்துக்கொண்டார். “கவனிக்கல சார். அவசரத்துல பூட்டிட்டேன்.”

வழிகாட்டி அட்டையை ரத்து செய்வார்களாம். பன்னிரண்டாம் தேதி வந்து பலகையையும் கதவையும் பார்த்து, எழுதி வாங்கிக்கொண்டு, அட்டையை எடுத்துப் போவார்களாம். அட்டை இல்லாமல் அப்பா அந்த மலையில் கால் வைக்க முடியாது.

மார்ச் 9, திங்கள்

அம்மாவிடம் சொன்னேன். அவள் படுத்தபடியே என் கையைப் பிடித்துக்கொண்டாள். “இருக்கிற வீடு அவன் குடுத்தது. என் ஆபரேஷனுக்கு ஓடினது அவன். அவனைக் காட்டிக் குடுத்துட்டு எங்கடி போவோம்?” பிறகு, “உங்கப்பா பாவம்” என்றாள். அவ்வளவுதான். அவளுக்கு அந்தப் பக்கமும் போக முடியவில்லை, இந்தப் பக்கமும் போக முடியவில்லை.

அப்பா வாசலில் உட்கார்ந்து, மலைக்குப் போட்டுப் போகும் பூட்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்கே போகப் போகிறார்?

“அப்பா, அன்னைக்கு நான்தான்...”

“தெரியும்டா. போய்ச் சாப்பிடு.”

திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பேன்.

மார்ச் 10, செவ்வாய்

அந்த அம்மாவைப் பார்க்க அப்பா ஆஸ்பத்திரிக்குப் போனார். நானும் கூடப் போனேன். காலில் கட்டு. உதடு வெடித்திருந்தது. அப்பாவைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார், சுமந்து வந்தாரே என்று. அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

தலையணைக்கு அடியிலிருந்து மங்கலான இருபத்து மூன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

“இதைக் கையிலயே பிடிச்சிட்டிருந்தேம்மா. இது திரும்பலைன்னா தேடி வருவோம்னு நீதானே சொன்னே. அந்தத் தைரியத்துலதான் கெடந்தேன்.”

வில்லையைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டேன். 

அந்த வாக்கியத்தை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்? ஒரு தடவையாவது நினைத்துச் சொன்னேனா?

மார்ச் 11, புதன்

பை அறை மூடியாயிற்று. கூட்டிப் பெருக்கும்போது வில்லை டப்பாவைத் திறந்தேன். இருபத்து மூன்றில் என் ஊக்கு அப்படியே இருக்கிறது. மாமா கழற்றவில்லை. ஊக்கையெல்லாம் யார் கவனிப்பார்கள்.

மார்ச் 12, வியாழன்

யாரும் வருவதற்கு முன்பே போய்விட்டேன். பலகையைத் துடைத்தேன். இருபத்து மூன்றாம் கொக்கியில் மங்கலானதை மாட்டினேன். அதன் மேலேயே, ஊக்கோடு, மினுக்கலானதை மாட்டினேன். அம்மா சொன்னது ஞாபகம் வந்து ஒரு தடவை கழற்றினேன். மறுபடி மாட்டினேன். ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன்.

ஒன்பதரைக்கு மாமா அதிகாரியை அழைத்து வந்தார். மாமா பலகையைப் பார்க்கவில்லை, அவர் எப்போதும் பார்ப்பதில்லை. அப்பா கதவோரம் நின்றார். அட்டையைக் கழுத்திலிருந்து முன்னமே கழற்றி, நாடாவை விரலில் சுற்றி வைத்திருந்தார்.

அதிகாரி பேனா முனையால் தொட்டுத் தொட்டு எண்ணினார். நாற்பத்தொன்று வந்தது. மறுபடி எண்ணினார். இருபத்து மூன்றில் பேனா நின்றது. இரண்டையும் தூக்கிப் பார்த்தார். சின்னப் பிள்ளை ஏதோ விளையாடியிருக்கிறாள் என்று மாமா சொல்லிப் பார்த்தார். அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதேயில்லை.

“ஊக்கு போட்டு இதை மாட்டினது யாரு?” என்றார் அதிகாரி.

அப்பா வாயைத் திறந்தார்.

அதற்குள் நான் கையைத் தூக்கினேன்.