கூரை மேல் போன சத்தம்

ஸ்கெலட்டன்,
கோலார் தங்கவயல் (கே.ஜி.எஃப்.)
12-2-1967

அன்புள்ள அண்ணனுக்கு,

இதனால் சகலருக்கும் அறிவிப்பது: நேற்றுக் காலை ஷிப்ட் சங்கு ஊதியதும் நம் வீட்டுச் சேவல் மிரண்டு பறந்து, பக்கத்து வீட்டுக் கொர்னேலியஸ் மாமாவின் தகரக் கூரையில் பத்திரமாகத் தரையிறங்கியது. பயணிகள் யாரும் இல்லை. ஆக, நம் குடும்பத்திலிருந்து முதலில் பறந்தது நீ செய்கிற ஜெட் பிளேன் இல்லை.

பெங்களூர் ஆலையில் நீ செய்வது விமானம். கணக்குப் பரீட்சையில் நான் வாங்கியது அவமானம். அப்பாவிடம் சொல்லிவிடாதே.

அப்பாவுக்கு இருமல் கூடிவிட்டது. நெஞ்சில் முப்பது வருஷத்துப் பாறைத் தூசியாம். இனி சுரங்கத்தில் இறங்க வேண்டாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். கட்டிலை ஜன்னலோரம் போடச் சொல்லி, "தம்மபாலன் பிளேன் இந்தப் பக்கம்தானே போவும்?" என்கிறார். ஆலையில் முதலில் மரத்தில் பிளேன் மாதிரி ஒன்று செய்து பார்க்கிறீர்கள் என்று நான் சொன்னதும் ஒரே கேள்வி. சுரங்கத்தில் பாறை சரியாமல் முட்டுமரம் கொடுத்தவர் இல்லையா! "மரம்னா முறியறதுக்கு முன்னாடி கத்தும், ஆளு ஓடிக்கலாம். அலுமினியம் கத்துமா? கேட்டு எழுதுடா."

கத்துமா?

உன் தம்பி,
ராகுலன்


பெங்களூர்
20-2-1967

அன்புத் தம்பிக்கு,

கத்தாது என்று அப்பாவிடம் சொல். அதனால்தான் றெக்கையை வளைத்து வளைத்து, எங்கே விரிசல் விடும் என்று முன்னாலேயே பார்த்துவிடப் போகிறோம்.

மரத்தில் செய்த மாதிரிப் பிளேன் முடிந்துவிட்டது. நடுவில் ஒரே வழி, இரண்டு பக்கமும் மும்மூன்று சீட்டு, மொத்தம் நூறு பேர். வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்துச் சிரித்தார்கள். சின்ன ஓடுதளத்திலும் இறங்கும் என்றதும் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள்.

அப்பாவுக்கு என் வாக்கு: முதல் தடவை பறக்கும்போது பைலட் காலில் விழுந்தாவது ஸ்கெலட்டனில் நம் வீட்டுக் கூரை மேல் ஒரு சுற்று.

கணக்கைப் படி.

தம்மபாலன்


பெங்களூர்
3-9-1968

ராகுலா,

பிளேன் வேலையை நிறுத்திவிட்டார்கள். வாங்க வேண்டியவர்கள் வெளிநாட்டுப் பிளேனே போதும் என்றுவிட்டார்களாம். இன்று அந்த மர மாதிரியை நாங்களே ரம்பம் போட்டு அறுத்தோம். மூக்குப் பகுதி சாய்வதற்கு முன் கத்தியது. அப்பா சொன்னது சரி.

அவருக்கு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. முகத்தைப் பார்க்கவும் தைரியம் இல்லை. நீ வாய்க்காரன். பக்குவமாகச் சொல்லிவிடு.

தம்மபாலன்


ஸ்கெலட்டன்
11-9-1968

அன்புள்ள அண்ணனுக்கு,

கவலையை விடு. உன் வாக்கையே நிறைவேற்றிவிட்டேன்!

திங்கட்கிழமை மத்தியானம் அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். சுரங்கத்துக்குள் எங்கோ பாறை வெடித்தது. நமக்குப் பழகின அதிர்வுதான், ஆனால் இது பெரிசு. தட்டெல்லாம் உருண்டது. எனக்குள் ஒரு யோசனை மின்னியது. வெளியே ஓடி, வானத்தைப் பார்த்துக் கத்தினேன்: "எப்பா! அண்ணன் பிளேனு! கூரை மேலயே போவுது! வெள்ளை உடம்பு, சிவப்பு வாலு!"

அப்பா எழுந்து பார்ப்பதற்குள், "போயிடுச்சுப்பா, இன்னா ஸ்பீடு!" என்றேன்.

சிரித்தார் அண்ணா. மாசக்கணக்கில் சிரிக்காதவர். "றெக்கை ஆடலையே?" என்று கேட்டார். "ஆடவே இல்லப்பா."

எப்பேர்ப்பட்ட தம்பி பார்த்தாயா! இந்த இடத்தில் கையெழுத்துப் போட்டுக் கடிதத்தை ஒட்டிவிடலாம் என்றுதான் இருந்தேன். இரண்டு நாளாக ஒட்ட முடியவில்லை.

அதற்கப்புறம் நடந்தது இது. அப்பா கஞ்சியைத் தள்ளிவிட்டு என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "கொர்னேலியஸு இன்னிக்குப் பகல் ஷிப்ட்டு. சுரங்க ஷாஃப்டாண்ட போயி, கேஜு லிப்ட்டுல எல்லாரும் மேல வந்துட்டாங்களான்னு பாத்துட்டு வா. ஓடுறா."

ஓடினேன். எல்லோரும் வந்துவிட்டார்கள். மாமாவுக்குக் கையில் மட்டும் அடி. திரும்பி வந்து சொன்னேன். தலையை ஆட்டினார். விளக்கு வைக்கிற நேரத்தில் கண்ணை மூடியபடியே சொன்னார்: "தம்மபாலன வரச் சொல்லி எழுது. பிளேனு இல்லன்னா இன்னாடா, ரயிலு கீது இல்ல?"

நான் எதையும் பக்குவமாகச் சொல்லவில்லை, அண்ணா. யாரையும் ஏமாற்றவும் முடியவில்லை; பாறை வெடிக்கிற சத்தம் அப்பாவுக்குத் தெரியாதா? கட்டில் இன்னும் ஜன்னலோரம்தான் இருக்கிறது. இப்போது அவர் பார்ப்பது ஸ்டேஷன் ரோட்டை.

ராகுலன்