பலாப்பழக் கதையின் மிச்சம்

இன்று மத்தியானம் தம்பானூரில் ஒரு கடையில் போட்டோஸ்டாட் எடுத்தேன். தாள்களைக் கையில் வாங்கியதும் அந்தச் சூடு. கூடவே அந்த வாசனை, இஸ்திரி போட்ட துணியில் மை கருகினாற்போல. "மோளே, சில்லற உண்டோ?" என்று கடைக்காரர் இரண்டாம் தரம் கேட்ட பிறகுதான் நான் எங்கே நிற்கிறேன் என்பது நினைவுக்கு வந்தது.

கரமனையில் உன் அப்பா வைத்திருந்த கடையில் இதே வாசனைக்கு நடுவில்தான் நீ நாள் முழுக்க நிற்பாய். மாடியில் நான் வேலை பார்த்த கணக்கு ஆபீசிலிருந்து பில்களைக் கொண்டுவருவேன், நகலை வாங்கிக்கொண்டு போவேன். பேச்சு கிடையாது. ஒரு நாள் பில்களுக்கு அடியில் என் கையெழுத்துத் தாள்கள் சிலவற்றை வைத்துக் கொடுத்தேன். நான் எழுதிய முதல் கதை. நீ நகல் எடுத்து, அழகாக அடுக்கி, பின் அடித்துத் தந்தாய். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் கதை நடுவில் தொடங்கி முன்னால் முடிந்தது. நான் பக்க எண் போட்டிருக்கவில்லை.

மறுநாள் உன் கடை மூலையில் நின்று நகத்தால் பின்னை நெம்பிக்கொண்டிருந்தேன்.

"தப்பா அடிச்சுட்டேனாடி?" என்றாய். "நேக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஸ்கூல்ல மலையாளம், ஆத்துல பேச்சு மட்டும். உன் எழுத்து ஜாங்கிரி புழிஞ்சு வெச்சாப்ல இருக்கு. எது முன்னாடி, எது பின்னாடின்னு நான் என்னத்தைக் கண்டேன்? வாசி. கேட்டாத்தானே ஒழுங்கு தெரியும்."

கல்லூரியில் கேள்வி கேட்டாலே குனிந்து செருப்பைப் பார்த்தவள் நான். சாலை பஜாரில் மூட்டை தூக்கும் அப்பாவுக்கும், வீட்டு வேலைக்குப் போகும் அம்மாவுக்கும் நான் எழுதுவது தெரியாது. பேனாவை எடுத்தால், "பிள்ள படிக்கா, டிவியக் கொறைங்க" என்பாள் அம்மா. இன்னும் ஏதோ பரீட்சைக்குப் படிப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். என் எழுத்தை நானே உரக்கக் கேட்டதில்லை. உன் முன்னால் வாயைத் திறந்தேன், மெஷினைப் பார்த்து முணுமுணுத்தேன்.

"ஏண்டி, மெஷினுக்கு வாசிக்கறியா? நேக்குக் கேக்க வேண்டாமா?"

சிரித்துவிட்டேன். அப்புறம் வாசித்தேன்.

அதிலிருந்து கூட்டம் இல்லாத மத்தியானங்களில் எல்லாம் வாசித்தேன். நீ என்னைப் பார்க்கமாட்டாய். தாளைத் தட்டி அடுக்கிக்கொண்டே இருப்பாய். ஆனால் பொய்யான ஒரு வரி வந்தால் கை நின்றுவிடும்.

"'அவள் உள்ளம் வெதும்பினாள்'னு எழுதியிருக்கே. உங்க தெருவுல யாராவது வெதும்பி நீ பாத்திருக்கியோ?"

"இல்ல."

"பின்னே?"

"அழுதா. முந்தானையில மூக்கத் தொடச்சா."

"அதை வை."

எல்லா நேரமும் நீ சொன்னது சரி என்று சொல்லமாட்டேன். உனக்கு எல்லோருக்கும் கல்யாணம் நடந்துவிட வேண்டும். விதவைக்கும், கதையில் ஒரே ஒரு தரம் வந்துபோகிற போஸ்ட்மேனுக்கும்கூட. நாம் அதற்காகச் சண்டை போட்டிருக்கிறோம். எழுத்துச் சொல்லித் தரட்டுமா என்று ஒரு முறை கேட்டேன். "வேண்டாம்டி. நான் வாசிக்கக் கத்துண்டா நீ வாயையே திறக்கமாட்டே" என்றாய்.

பலாப்பழக் கதையை ஒரு மழைக்காலத்தில் எழுதத் தொடங்கினேன். மகள் வாடகைக்குக் குடிபோன வீட்டைத் தேடி, வித்துராவிலிருந்து பஸ் ஏறி வலியசாலைக்கு வருகிறாள் ஒரு அம்மா. இடுப்பில் பலாப்பழம். போனில் சார்ஜ் இல்லை. தெருவில் எல்லா வீடும் ஒரே மாதிரி, எல்லா வாசலிலும் கோலம். அவள் நடுத்தெருவில் நிற்பது வரை உனக்கு வாசித்திருந்தேன். அதற்குள் உனக்குக் காய்ச்சல் வந்தது. எலிக்காய்ச்சல் என்று சொல்லி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

அங்கிருந்து நீ போன் செய்தாய். ஆபீஸ் மாடிப்படியில் நின்று பேசினேன்.

"மாமி இன்னும் நடுத்தெருவுலயே நிக்கறாளாடி? பாவம், அந்தப் பழம் என்ன கனம் கனக்கும்!"

"இன்னும் எழுதலடி. நீ வா, வாசிக்கேன்."

"எழுதலைன்னா வாயால சொல்லு. நேக்கு இங்கே பொழுதே போகலை."

கையில் தாள் இல்லாமல் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. ஒரு கதவு திறந்தது. யாரோ மோர் கொடுத்தார்கள். மகள் வீட்டுக்குக் கொண்டுவந்த பழத்தை முன்பின் தெரியாத ஒரு வீட்டில் அறுத்தார்கள். நீ சிரித்தாய். இருமினாய், திரும்பவும் சிரித்தாய். "இதை அப்படியே எழுது. மாத்தாதே, கேட்டியோ" என்றாய்.

அன்று நான் எழுதவில்லை. நீ வந்ததும், எந்த இடத்தில் சிரித்தாய் என்று கேட்டு எழுதலாம் என்றிருந்தேன். நீ வரவில்லை.

அதன் பிறகு எத்தனையோ தடவை எழுதிப் பார்த்துவிட்டேன். கதவு திறக்கிறது, மோர் வருகிறது, பழத்தை அறுக்கிறார்கள். நீ சிரித்த இடம் மட்டும் அதில் இல்லை. சொன்ன எனக்கு அது எந்த வரி என்று நினைவில்லை. கேட்ட நீ இல்லை. வேறு கதை எழுதலாமே என்று உட்கார்ந்தால், அந்த அம்மா நடுத்தெருவில் பழத்தோடு நிற்கும்போது எனக்கு வேறு எதுவும் ஓடுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை வலியசாலையில் ஒரு வீட்டு மாடியில் கதை வாசிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். சின்னக் கூட்டம்தான். "பாதிப் பேருக்குத் தமிழ் வாசிக்க வராது, மோளே. உரக்க வாசிக்கணும்" என்றார் அந்த வீட்டு அம்மா. நீ இருந்திருந்தால் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பாய். அதை நினைத்தே முதலில் மாட்டேன் என்றேன். பிறகு அதை நினைத்தே சரி என்றேன்.

இன்று எடுத்த நகலில் அவள் தெருவில் நிற்பது வரைதான் இருக்கிறது. மேலே எழுதப்போவதில்லை. அந்த இடம் வந்ததும் தாள்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அவளுக்காக யார் முகம் கவலைப்படுகிறதோ அந்த முகத்தைப் பார்த்துச் சொல்லப்போகிறேன். உனக்குச் சொன்ன முடிவாக அது இருக்காது. உன்னிடம் வாய் திறக்கப் பழகிய பழக்கம் ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது. குரல் உடனே வராது, தெரியும். ஆனாலும் ஆரம்பிப்பேன்:

"மாமி பழத்தை இடுப்பு மாத்தி வெச்சுக்கிட்டு, கைக்கு எட்டின கதவைத் தட்டினா."