நீலமாய் எரிந்தது

ஆகஸ்ட் 4, திங்கள். இரவு. மழை.

யார் கையில் இது கிடைத்தாலும் தயவு செய்து மூடிவிடுங்கள். அம்மாவிடம் கொடுக்காதீர்கள். சேகர் மாமாவிடம் கொடுக்கவே வேண்டாம். படித்துவிட்டீர்கள் என்றால் படிக்காத மாதிரி இருங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

இன்றைய வேலை: போத்தல் கழுவுவது. சே.மா. (மாமாவை இனி இப்படித்தான் எழுதுவேன்) பிரிக்ஃபீல்ட்ஸ் பார்களிலிருந்து காலி போத்தல் இரண்டு சாக்கு கொண்டுவந்தார். உள்ளே கழுவ வேண்டும், வெளியே லேபல் நனையக்கூடாது. மூடிக்கு மேல் புது பிளாஸ்டிக் உறை. முடி காயவைக்கும் மெஷினால் சூடு காட்டினால் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். சூடு அதிகமானால் சுருக்கம் விழும். சே.மா. செய்தால் சுருக்கம் விழுகிறது. நான் செய்தால் இல்லை. அதனால் என் வேலை.

எனக்குத் தெரிந்த வகைகள்: கோட்டைப் படம் போட்ட விஸ்கி. தங்க எழுத்து விஸ்கி (கல்யாணத்துக்கும் சாமிக்கும் கேட்பது). குட்டைக் கழுத்து பிராண்டி. ரம் ஒன்று, கறுப்பு. நான்கிலும் ஊற்றுவது ஒரே சரக்குதான். சாயமும் எசன்ஸும்தான் வேறு.

அப்பாவுக்குத் தெரியாது. துறைமுகத்தில் வரி கட்டாமல் வெளியே வந்த அசல் சரக்கு என்று நினைக்கிறார். லோரியில் ஜொகூர், பினாங்கு என்று போய் வெள்ளிக்கிழமைதான் வருவார். அதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அம்மாவுக்குத் தெரியும். இது மாமாவின் வீடு, நாங்கள் மூவரும் இங்கே இருக்கிறோம். அவ்வளவுதான் அம்மாவின் பதில், எதைக் கேட்டாலும்.

பயிற்சி: கணிதம் பக்கம் 61, பாதி. விரல் முழுக்க பசை.

ஆகஸ்ட் 6, புதன்

வெயில். பள்ளியில் ஓட்டப்பந்தயத் தேர்வு, நான் போகவில்லை.

வழக்கமாகச் சரக்கு வெள்ளை டப்பாக்களில் வரும். இன்று நீலத் தோங், பெரிய பீப்பாய், என் மார்பு உயரம். காப்பார் ஊரில் யாரோ கொடுத்தாராம். ஒட்டியிருந்த தாளைக் கத்தியால் சுரண்டியிருக்கிறார்கள். முழுவதும் போகவில்லை. ஒரு மூலையில் மண்டை ஓடு.

“மாமா, இது என்ன?”

“அதே சரக்குதான் லா. வேற ஆளு.”

“மண்டை ஓடு போட்டிருக்கு.”

“பெட்ரோல் டாங்கிலயும்தான் போட்டிருக்கான். ஒங்கப்பன் லோரி ஓட்டாம இருக்கானா?”

நான் அசையவில்லை. சே.மா. அடுப்படியிலிருந்து கரண்டி எடுத்துவந்தார். கொஞ்சம் ஊற்றி லைட்டரைக் காட்டினார். நீலமாக எரிந்தது. கண்ணுக்கே தெரியாத அளவு வெளிறிய நீலம்.

“பாத்தியா? நீலமா எரிஞ்சா நல்ல சரக்கு. மஞ்சளா எரிஞ்சாதான் கெட்டது. எங்க தாத்தா காலத்துலேருந்து இதுதான் டெஸ்ட்டு.”

அவர் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே நம்புகிறார். அது எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

மூடி ஒட்டினேன். எல்லாவற்றுக்கும்.

ஆகஸ்ட் 7, வியாழன்

பள்ளியில் வேதியியல் பாடம் எடுக்கும் சிக்குவிடம் கேட்டேன். செயல்திட்டத்துக்கு என்று சொன்னேன். குடிக்கிற சாராயமும் தொழிற்சாலை மெத்தனாலும் எரிந்தால் எப்படித் தெரியும்?

“இரண்டும் நீலம்தான். கண்ணால் பிரிக்க முடியாது” என்றார். பலர் அப்படி ஏமாந்து செத்திருக்கிறார்களாம். குடித்த அன்று சாதாரண போதைதான். மறுநாள் தலைவலி, வாந்தி. பிறகு கண். வெள்ளையாக மங்கிக்கொண்டே வருமாம். சீக்கிரம் மருத்துவமனைக்குப் போனால் மாற்று மருந்து இருக்கிறதாம். என்ன குடித்தார்கள் என்று டாக்டருக்குத் தெரிய வேண்டும், அதுதான் முக்கியம் என்றார்.

“ஏன் கவி, முகம் வெளுத்திருக்கு?” என்று மலாயில் கேட்டார். சாப்பிடவில்லை என்றேன்.

அம்மாவிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

“ஒங்க மாமா வெஷமா விப்பான்? ஊர்ல எத்தன பேரு குடிக்கிறாங்க. ஒருத்தன் செத்தானா?”

“இது புது தோங்குமா.”

“நீ படிக்கிற புள்ள. படி.”

சளி. இருமல் மருந்து தீர்ந்துவிட்டது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

அப்பா வந்தார். எனக்குப் பினாங்கிலிருந்து ஜாதிக்காய் ஊறுகாய்.

சாயங்காலம் வீட்டுக்குப் பின்னால் பாதியாக வெட்டிய பழைய தோங்கில் நெருப்பு. செம்பனை மட்டையும் தேங்காய் மட்டையும். கொசுவுக்கு என்பார்கள், உண்மையில் உட்கார்ந்து குடிப்பதற்கு. அப்பா, சே.மா., பக்கத்து வீட்டு தாஸ் அங்கிள். இன்று குடித்தது பழைய சரக்கு. நான் மூடியைப் பார்த்துவிட்டேன், பழைய உறை. பிறகுதான் மூச்சு விட்டேன்.

வறுத்த கடலை கொண்டுபோய் வைத்துவிட்டு வாசற்படியில் நின்றேன்.

அப்பா: “நெருப்புக்கு முன்னாடி பிராண்டிதான்டா. சுடுதண்ணி கொஞ்சம், கிராம்பு ஒன்னு. நெஞ்சு வரைக்கும் எறங்கும்.”

சே.மா.: “சளி புடிச்ச பாட்டி மாதிரி குடிக்கிறீங்க மச்சான். விஸ்கிய தண்ணி ஊத்தாம நாக்குல வெச்சுப் பாருங்க. பொக வாசம் வரும்.”

“பொக வாசம் வேணும்னா என் லோரி பின்னால வந்து நில்லு.”

தாஸ் அங்கிளுக்குச் சர்க்கரை. கையில் சோயா பால்.

சே.மா.: “தாஸுக்கு அவரு பிராண்டு! எத்தன வருஷம் ஊற வெச்சது தாஸ்?”

“காலையில ஊற வெச்சது. ஒங்கள எல்லாம் தூக்கிட்டுப் போக ஒரு ஆளு தெளிவா வேணும்ல?”

அப்பா சிரித்தால் தோள் குலுங்கும். வாரத்தில் இந்த ஒரு நாள்தான் அப்படிச் சிரிப்பார்.

நாளை லோரி நிற்கும் யார்டில் முனியாண்டிக்கு ஆடிப் பூசை. தங்க எழுத்துப் போத்தலை அப்பா கையால் கொடுப்பதாக வேண்டுதல். அது புதுத் தோங் சரக்கு. பூசாரிக்குச் சாமி வரும், அதைக் குடிப்பார். மிச்சத்தை எல்லோருக்கும் ஒரு வாய் கொடுப்பார். வேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

அப்பா கை கழுவ வந்தபோது சொன்னேன். “அப்பா, நாளைக்கு குடிக்காதீங்கப்பா.”

“சாமி குடுக்கறத வேணான்னு சொல்லலாமாம்மா?”

மேலே சொல்ல வாயைத் திறந்தேன். பின்னால் சே.மா. நின்றுகொண்டிருந்தார்.

பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கோபமாகப் பேசவில்லை, மெதுவாகத்தான் பேசினார். “போலீஸ் வந்தா மொதல்ல யாரு கைரேக கெடைக்கும், சொல்லு? எல்லா மூடியும் நீ ஒட்டினது.”

கையை சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினேன். முட்டாள்தனம். போத்தலில் இருக்கும் ரேகை எப்படிப் போகும்.

ஆகஸ்ட் 9, சனி

விடிவதற்கு முன் எழுந்தேன். தங்க எழுத்துப் போத்தல் சாமி மேடையில் இருந்தது. உறையை பிளேடால் கீறிக் கழற்றினேன். உள்ளே இருந்ததைக் கக்கூஸில் ஊற்றினேன். பழைய சரக்கு நேற்றோடு தீர்ந்திருந்தது. பால் இல்லாத தேத்தண்ணி ஊற்றினேன், ஆறவைத்து. நிறம் அப்படியே இருந்தது. புது உறை ஒட்டினேன். ஒரு சுருக்கம் இல்லை. என் வாழ்க்கையில் நான் செய்த நல்ல வேலை இதுதான் என்று நினைத்தேன். அதை எழுதவே கூசுகிறது.

சாயங்காலம் யார்டில். உறுமி. சுருட்டுப் புகை. பூசாரிக்குச் சாமி வந்தது. அப்பா குனிந்து போத்தலைக் கொடுத்தார். பூசாரி ஒரு வாய் குடித்தார். துப்பினார். அப்பா முகத்தில் விழுந்தது.

“தேத்தண்ணி! எனக்கே தேத்தண்ணியாடா?”

மூடியில் கொஞ்சம் ஊற்றி ஓம நெருப்பில் விட்டார்கள். ஸ்ஸ் என்று அணைந்தது. கூட்டத்தில் ஒருவன் சிரித்தான். அப்பா தலை நிமிரவில்லை. சே.மா. என்னைப் பார்த்தார். புரிந்துவிட்டது அவருக்கு.

வேனுக்கு ஓடிப்போய் இன்னொரு போத்தல் கொண்டுவந்தார். அதையும் நெருப்பில் ஊற்றினார்கள். நீலமாய் எழும்பியது. எல்லோரும் கை தட்டினார்கள்.

பூசாரி அதைத் தொடவில்லை, அப்பாவைப் பார்த்துச் சொன்னார்: “தப்பு செஞ்சவன் நீ. என் பங்கையும் நீயே குடி. மத்தவன் எவனும் தொடக்கூடாது.”

நான் கத்தினேன். அப்பா குடிக்காதீங்க என்று கத்தினேன். உறுமிச் சத்தம். அம்மா என் வாயைப் பொத்தினார். “சாமி முன்னாடி வாய மூடுடி.” கடித்தேன். அப்போதும் அம்மா கையை எடுக்கவில்லை.

அப்பா நின்றபடி குடித்தார். பாதிக்கு மேல். நான் ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தால் ஒரு வாயோடு போயிருக்கும்.

வீட்டுக்கு வந்து படுத்துவிட்டார். எழுப்பினேன். “போம்மா, தூங்கணும்” என்றார். சாதாரணமாகத்தான் இருக்கிறார். சாதாரணமாகத்தான் இருக்கும் என்று சிக்கு சொன்னார். அம்மாவிடம் மறுபடி சொன்னேன். காலையில் பார்க்கலாம் என்றார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அவசரமாக எழுதுகிறேன், எழுத்து மோசம்.

மதியம்தான் அப்பா எழுந்தார். இரண்டு முறை வாந்தி. ஜன்னல் பக்கம் திரும்பி, “என்ன, பொகமூட்டமா? இந்தோனேசியாக்காரன் மறுபடி காட்ட கொளுத்திட்டானா?” என்றார்.

வெளியே பளீர் வெயில். கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது.

அம்மா தண்ணீர் நீட்டினார். அப்பாவின் கை கிளாஸுக்குப் பக்கத்தில் காற்றைப் பிடித்தது.

எல்லாவற்றையும் சத்தமாகச் சொன்னேன். தோங், மண்டை ஓடு, தேத்தண்ணி. அப்பா என் குரல் வந்த பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

சே.மா.: “போத தெளியல லா. எலுமிச்சம்பழத் தண்ணி குடுங்க.”

அம்மா: “வேன் சாவிய குடு.”

“அக்கா, ஆஸ்பத்திரில என்னா ஏதுன்னு கேப்பான்.”

“சாவிய குடுடா!”

கொடுக்கவில்லை. அம்மா செருப்பில்லாமல் தெருவுக்கு ஓடினார். தாஸ் அங்கிள் காரை எடுத்தார். நானும் அவரும் தாங்கிப்பிடித்து அப்பாவை ஏற்றினோம். அப்பாவைப் படுக்கவைத்ததும் காரில் எனக்கு இடமில்லை. கதவை மூடும் முன் அப்பா சொன்னது: “கவி எங்க?” பக்கத்தில்தான் நின்றேன். கையைப் பிடித்தேன். அம்மாவிடம் மெத்தனால் என்று மூன்று முறை சொல்லி அனுப்பினேன். திருப்பிச் சொல்லவைத்தேன்.

இப்போது இருட்டிவிட்டது. அம்மா தாஸ் அங்கிள் வீட்டுக்கு போன் செய்தார். அவர் மனைவி சாந்தி ஆன்டி வேலி வழியாகச் சொன்னார்: டாக்டர் மருந்து ஆரம்பித்துவிட்டார். சரியாக என்ன, எவ்வளவு கலந்தது என்று பார்க்கப் போத்தல் வேண்டும். உயிரைப் பற்றி இருபத்து நாலு மணி நேரம் போனால்தான் சொல்ல முடியும். கண்ணைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தாஸ் அங்கிள் என்னை அழைத்துப் போக வந்துகொண்டிருக்கிறார். வந்ததும் ஹார்ன் அடிப்பார்.

சே.மா. மத்தியானத்திலிருந்து தோங்கையும் போத்தல்களையும் வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார். அவர் கக்கூஸுக்குப் போனபோது ஒன்றை எடுத்துவிட்டேன். பள்ளிப் பையில், விளையாட்டு உடைக்குள் சுற்றி. என் அறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டிருக்கிறேன்.

போலீஸ் கேட்டால் சொல்வேன். மூடி ஒட்டியது நான்தான். அதையும் சொல்வேன்.

வேன் கதவு சத்தம் நின்றுவிட்டது.

கூடத்தில் செருப்புச் சத்தம். ஹார்ன் இன்னும் கேட்கவில்லை.

கதவைத் தட்டுகிறார்.

“கவி. ஒரு போத்தல் கொறையுது.”