பதினாறு கட்டத்தில் ஒரு முகம்

மேல்கொல்லை, ஜவ்வாது மலை
16-6-1981, செவ்வாய்

அன்பு மகன் தசரதனுக்கு,

உன் அப்பன் வேடியப்பன் எழுதுகிறேன். நான் நலம். உன் அம்மாவும் நலம் என்று எழுதப் பேனாவை வைத்தேன், நகரவில்லை. எட்டாம் வகுப்பை இரண்டு வருஷம் படித்தவன் நான். பொய்யை மட்டும் அழகாக எழுதுவேன் என்று வாத்தியாரே சொல்லியிருக்கிறார். இன்று அதுவும் வரவில்லை.

உன் தங்கை அம்மாக்கண்ணு போய் மூன்று மாதம் ஆகிறது. இதுவரை உன் அம்மா அழுதுகொண்டிருந்தாள். அழுகிறவள் நடுவில் இரண்டு வாய் களியாவது தின்பாள். போன வாரம் அழுகை நின்றுவிட்டது. "பாப்பா மூஞ்சி நெனப்பு வர்ல. ஜடை தெரியுது, பாவாடை தெரியுது, மூஞ்சி மட்டும் தெர்ல" என்கிறாள். அன்றோடு சாப்பாடும் நின்றது.

வீட்டில் அவள் படம் ஒன்றுகூட இல்லை. அதற்குக் காரணமானவன்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறான். போன ஆடியில், படவேட்டுத் திருவிழாவில், மோட்டார் கார் வரைந்த திரைக்கு முன்னால் நிற்பேன் என்று அவள் அடம் பிடித்தாள். படம் பிடிக்கிற உஸ்மான் பாயும் "கொயந்த ஆசப்படுதுங்க, நிக்கட்டுங்க" என்றார். நான்தான் பெரிய அறிவாளி ஆயிற்றே. "சின்னப் புள்ளைய படம் புடிச்சா ஆயுசு கொறையும் பாய்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஆயுசைக் காப்பாற்றின லட்சணம் உனக்கே தெரியும்.

நீ பட்டணத்தில் சினிமா பேனரில் நாற்பது அடிக்கு முகம் எழுதுகிறவன். ஒரு சாண் அளவுக்கு உன் தங்கையை எழுதி அனுப்பு. அவளைப் புதைத்த இடத்தில் நான் உன்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்ன வார்த்தையை மனசில் வைக்காதே. அது உன் அம்மாவுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

தபால்காரர் செவ்வாய்க்குச் செவ்வாய்தான் மலை ஏறுகிறார். வாசலில் நின்றுகொண்டு "முட்ச்சியா, முட்ச்சியா" என்கிறார். முடித்துவிட்டேன்.

இப்படிக்கு,
படம் வேண்டாம் என்ற அப்பன்,
வேடியப்பன்


சென்னை
24-6-1981

மதிப்புக்குரிய அப்பாவுக்கு,

தசரதன் வணக்கம். நான்கு நாளாக எழுதிப் பார்க்கிறேன், வரவில்லை. எங்கள் தொழிலில் முகத்தை மனசிலிருந்து எழுதுவதில்லை அப்பா. போட்டோவின் மேல் சின்னக் கட்டங்கள் போடுவோம். துணியில் அதே எண்ணிக்கைக்குப் பெரிய கட்டங்கள். சின்னக் கட்டத்தில் இருப்பதைப் பெரிய கட்டத்துக்கு மாற்றுவதுதான் வேலை. காதை எழுதும்போது அது யார் காது என்றுகூடத் தெரியாது. போட்டோ இல்லாமல் கை ஓடவில்லை.

பாப்பாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி இறங்கிய டோலியை மாற்றிப் பிடிக்க நாலாவது தோள் இருந்திருந்தால் அவள் உயிரோடு கீழே போய்ச் சேர்ந்திருப்பாள் என்றீர்கள். பொம்மை எழுதப் போன தோள் இனிமேல் இந்த மலை ஏற வேண்டாம் என்றீர்கள். நடந்ததைத்தானே சொன்னீர்கள். நான் ஒன்றும் மனசில் வைக்கவில்லை. அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கள்.

தங்கள் மகன்,
தசரதன்


மேல்கொல்லை
7-7-1981, செவ்வாய்

அன்பு மகனுக்கு,

இதோடு ஒரு நோட்டுத் தாள் வைத்திருக்கிறேன். நாலுக்கு நாலு, பதினாறு கட்டம் போட்டிருக்கிறேன். உள்ளே படம் போட எனக்கு வராது. கரித்துண்டால் சுவரில் முயன்றேன். பூசணிக்காய்க்குக் கண் வைத்த மாதிரி வந்தது. உன் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். முன்பென்றால் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

ஆகவே எழுத்தால் நிரப்பியிருக்கிறேன். இரண்டாம் கட்டத்தில் புளியங்கிளை கிழித்த வடு, ஓர் அரிசி நீளம். ஆறிலும் ஏழிலும் கண், அடுத்தவர் தட்டையே பார்க்கிற கண். பத்திலும் பதினொன்றிலும் மூக்கு. நம் வீட்டு மூக்குதான், உனக்கும் எனக்கும் இருப்பது. அவளுக்கு மட்டும்தான் பொருந்தியது. பதினாலில் வாய் தொடங்கும், எங்கே முடியும் என்று சொல்ல முடியாது, பேசிக்கொண்டே இருப்பாள். ஒன்பதும் பன்னிரண்டும் கன்னம். அவற்றைக் காலியாக விட்டிருக்கிறேன். மந்தையில் நூறு ஆடு இருந்தாலும் எது யாருடையது என்று சொல்லிவிடுவேன். ஒன்பது வருஷம் மடியில் வைத்திருந்த பெண்ணின் கன்னம் எப்படி என்றால் முழிக்கிறேன். பார்ப்பதும் ஒரு வேலை போலிருக்கிறது தசரதா. அதைத்தான் நீ பட்டணத்தில் கற்றுக்கொள்கிறாய். நான் பொம்மை என்றேன்.

உன் அம்மாவுக்குச் சேலை இடுப்பில் நிற்கவில்லை. பக்கத்து வீட்டுக் கெங்கம்மாள் கஞ்சி கொண்டுவந்தால் வாங்கிக் கோழிக்கு ஊற்றுகிறாள். கோழி கொழுக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறதப்பா. உன் காலில் விழுகிறேன் என்று எழுதுவது அப்பனுக்கு அழகில்லை. அதனால் எழுதவில்லை, எழுதியதாக நினைத்துக்கொள்.

பூசணிக்காய் எழுதிய,
வேடியப்பன்


சென்னை
3-8-1981

மதிப்புக்குரிய அப்பாவுக்கு,

உங்கள் தாளைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன். தாளில் சின்னதாக எழுதினால் வரவில்லை. போன மாதம் ஒரு சாமி படத்துக்கு வேலூர் தியேட்டர் பேனர் வேலை வந்தது. மூலையில் ஒரு குழந்தை முகம். கொடுத்த போட்டோவில் குழந்தை மங்கலாக இருந்ததால் மேஸ்திரி, "எதையாவது எழுதித் தொலைடா" என்று என்னிடம் விட்டார். உங்கள் தாளில் உள்ளபடி அம்மாக்கண்ணுவை எழுதினேன். காலியாக விட்ட கட்டங்களுக்குக் கண்ணாடித் துண்டில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை வேலூரில் கட்டிவிட்டார்கள். அடுத்த படம் வந்தால் அவிழ்த்துவிடுவார்கள். கடிதம் கண்டவுடன் அம்மாவைக் கூட்டிப் போய்க் காட்டுங்கள். நான் வரவில்லை.

தங்கள் மகன்,
தசரதன்


வேலூர் பஸ் ஸ்டாண்டு
12-8-1981, புதன்

தசரதா,

உன் கடிதம் நேற்றுதான் மலைக்கு வந்தது. விடியும்போதே இறங்கி, சந்தவாசலில் பஸ் பிடித்தோம். உன் அம்மா வழியில் ஐந்து இடத்தில் உட்கார்ந்தாள். தியேட்டர் வாசலில் அண்ணாந்து பார்த்தால் வேறு படம். எல்லா முகத்திலும் மீசை. போன வெள்ளியே மாற்றிவிட்டார்களாம். கேட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வாட்ச்மேன் முக்தார் பாய் நல்ல மனுஷர். விஷயத்தைக் கேட்டுவிட்டுப் பின்பக்கம் கூட்டிப்போய், சுருட்டிக் கிடந்த துணியைப் பிரித்தார். பாதியை யாரோ முறுக்கு வண்டிக்குக் கூரை போடக் கிழித்துப் போயிருந்தார்கள். உன் மூலை மிச்சம் இருந்தது. நம் வீட்டு வாசல் அகலத்துக்கு ஒரு முகம், வெயிலில், தரையில்.

உன் அம்மா அதைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். அப்புறம் மூக்குப் பக்கத்தில் குந்தி, வடுவைத் தடவினாள். பிறகு சொன்னாள்: "இது பாப்பா இல்ல."

நான் துணியைச் சுருட்டக் குனிந்தேன். அவள் விடவில்லை.

"வடு அவளுது. மூஞ்சி தசரதனுது. இன்னாத்துக்கு என் புள்ள இப்டி பயந்துனு கீறான்? இன்னா சொன்ன அவன?"

ஐந்து மாதமாக நீ வேலை மும்முரத்தில் வரவில்லை என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தேன். அங்கே வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். முக்தார் பாய் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பாயிடம் அந்தத் துணியைக் கேட்டு வாங்கி, மடித்து என் தலையில் வைத்தாள்.

இப்போது இங்கே உட்கார்ந்திருக்கிறோம். சந்தவாசல் பஸ் மூன்று போய்விட்டது. ஏறமாட்டேன் என்கிறாள். "தொரத்துனது நீ, நீயே கூப்டு. அவன் வந்து பக்கத்துல குந்தட்டும், மூஞ்சியப் பாத்துட்டுத் துன்றேன். பாப்பா எங்கியும் போவல, அதுலதான் கீறா" என்கிறாள்.

தசரதா, அந்த டோலி விஷயம். அப்பன் இதுவரை சொல்லாததைச் சொல்கிறேன். என்னோடு தூக்க வந்த ரங்கன் தோளும் கருப்பன் தோளும் தாங்கின. முதலில் ஓய்ந்தது என் தோள். இரண்டு தடவை நான்தான் இறக்கி வைக்கச் சொன்னேன். இரண்டாவது தடவை இறக்கினபோதுதான் அவள் போனாள். அதைத் தூக்க முடியாமல் உன் தலையில் வைத்தேன். உன் தோள் இருந்திருந்தாலும் என் தோள் ஓய்ந்துதான் இருக்கும். மலை ஏற வேண்டாம் என்று சொன்னதற்கு இந்தக் கிழவனை என்ன வேண்டுமானாலும் செய். ஆனால் வா.

இங்கே ஒருத்தர் இன்று தபாலில் போட்டால் நாளைக்குக் கிடைக்கும் என்கிறார். சாத்துக்குடிக் கடைக்குப் பக்கத்துத் தூண். மடித்த துணியின் மேல் உன் அம்மா உட்கார்ந்திருப்பாள், பக்கத்தில் நான். நம் வீட்டு மூக்கை வைத்து அடையாளம் கண்டுகொள்ளலாம். கட்டிக்கொண்டு வந்தது சாமைப் புளிச்சோறு. பிரிக்கவில்லை. இரண்டு நாள் கெடாது.

இப்படிக்கு,
முதலில் தோள் ஓய்ந்த அப்பன்,
வேடியப்பன்