சக்கரம் வைத்த மிளகாய் மிஷின்

என் ஆசை அஞ்சலைக்கு,

அண்ணி என்றுதான் எழுத வேண்டும். முறை அது. ஆனால் என் அண்ணனுக்கு உன்னைக் கட்டிவைத்த அன்றைக்கே, "இனிமே என்னை அண்ணின்னு கூப்பிடு" என்று நீ அதிகாரம் பண்ணியதும், "போடி" என்று நான் சொன்னதும் தெருவுக்கே தெரியும். செத்த பிறகு மரியாதை கொடுத்தால் நீயே விழுந்து விழுந்து சிரிப்பாய். உன் வருஷ தெவசத்துக்கு வந்தவர்கள் வடை பாயசம் படைத்துவிட்டுப் போய்விட்டார்கள். நான் கதை படைக்கிறேன். மூன்றாம் கிளாஸ் எழுத்துதான், பொறுத்துக்கொள்.

இத்தனை வருஷம் கரண்டோடு மல்லுக்கட்டினாய், அது உன்னை ஒன்றும் செய்யவில்லை. போயும் போயும் ஒரு காய்ச்சலிடமா தோற்றுப் போவாய்?

நீ போனதும் அண்ணன் மிஷின் கொட்டாயைப் பூட்டிவிட்டான். பஞ்சாலைக்குப் போவான், பைப் வேலையைப் பார்ப்பான், வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காருவான். சிரிப்பை எங்கேயோ தொலைத்துவிட்டான். ஒரு நாள் மிளகாய் மிஷினை விற்கப்போவதாகச் சொன்னான்.

"அந்தச் சத்தம் கேட்டா அவ உள்ள இருக்கற மாதிரியே இருக்குது பாக்கியம். என்னால முடியாது."

"இருக்கற மாதிரி இருந்தா நல்லதுதானே? அதை ஏன் விக்கற?"

நான் நச்சரித்த நச்சரிப்பில் ஒரு வழிக்கு வந்தான். புது சர்க்காரின் கரண்டு இன்ஸ்பெக்டர் ஊர் முழுக்க மிஷின்களைப் பார்த்துக்கொண்டு வருகிறார், அவர் சரி என்று சொன்னால் நான் ஓட்டலாம், இல்லையென்றால் பெரிய மார்க்கெட் மளிகைக்காரர் வண்டியோடு வந்து தூக்கிக்கொண்டு போவார். உன் மிஷினை இன்னொருத்தன் கொட்டாயில் பார்க்கவா நான் உயிரோடு இருக்கிறேன்?

இன்ஸ்பெக்டர் வந்தார். கடலூர்ப் பக்கத்துப் பிள்ளை, மீசை இப்போதுதான் கறுக்கிறது. பிரெஞ்சுத் துரைகள் காலத்து வாய்ப் பழக்கத்தில் "வாங்க முசே" என்றுவிட்டேன்.

"முசேங்க எல்லாம் கப்பல் ஏறிட்டாங்கம்மா. நான் இன்ஸ்பெக்டர்."

சுவிட்சு போர்டிலிருந்து மிஷின் வரைக்கும் நீ இழுத்த தொளதொள ஒயர் ஞாபகம் இருக்கிறதா? சுவர் ஓட்டையில் நுழைந்து, சாக்குக்கு அடியில் ஒளிந்து, நடுவில் இரண்டு ஒட்டோடு வருமே, அதுதான். அவர் சாக்கைத் தூக்கினார். பாம்பைப் பார்த்தவர் மாதிரி பின்னால் போனார்.

"யாரும்மா போட்டது இது?"

"எங்க அண்ணி."

"அவங்களக் கூப்பிடுங்க."

"கூப்பிட்டா வர்ற இடத்துல இல்லீங்க."

பாவம், தொப்பியைக் கழற்றிவிட்டார். அப்புறம் குரலைத் தணித்துச் சொன்னார். "இந்த மாதிரி வளையற ஒயர்ல நடுவுல ஒட்டு இருக்கக்கூடாதும்மா. சுவத்துக்குள்ள, சாக்குக்குள்ள மறைக்கக்கூடாது, முழுசும் கண்ணுக்குத் தெரியணும். எர்த் ஒயரும் காணோம், மிஷின் உடம்புல கரண்டு ஏறினா தொட்டவங்க போயிடுவாங்க. எல்லாத்துக்கும் மேல, வளையற ஒயர் நகர்ற மிஷினுக்குத்தான். ஒரே இடத்துல நிக்கற மிஷினுக்கு இரும்புப் பைப்புக்குள்ளதான் ஒயர் போகணும்." பியூஸைப் பிடுங்கிவிட்டு, வெள்ளிக்கிழமை மறுபடி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

பைப் என்றால் அண்ணன்தான் கை வைக்க வேண்டும். அவனோ கொட்டாய்ச் சாவியைக்கூடத் தொடமாட்டேன் என்கிறான். நான் என்ன செய்வேன்? இராத்திரியெல்லாம் புரண்டேன். நகர்கிற மிஷினுக்கு இந்த ஒயர் ஆகும் என்று அவர் வாயாலேயே சொன்னாரே! அப்படியானால் மிஷினை நகர வைத்தால் போகிறது.

ஒயர்மேனைப் பிடித்து, எர்த்தோடு சேர்ந்த புது ஒயராக, ஒட்டில்லாமல், கண்ணெதிரே தெரிகிற மாதிரி போட வைத்தேன். அப்புறம் ஆசாரியைக் கூப்பிட்டு மிஷின் பலகைக்கு அடியில் நாலு சக்கரம் வைக்கச் சொன்னேன்.

"எதுக்கு சக்கரம்? மிஷினைத் தேரு இழுக்கப் போறியா?"

"ஆமா, வடம் புடிக்க நீ வா."

வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தார். வீட்டு வாசற்படியில் அண்ணன், மளிகைக்காரரிடம் கொடுக்கச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறான். ஒயரைத் தடவிப் பார்த்த இன்ஸ்பெக்டர் முகம் மலர்ந்து பியூஸை மாட்டினார். அப்புறம் குனிந்தார்.

"ஒயரெல்லாம் சரிதாம்மா. கீழ என்ன சக்கரம்?"

"நகர்ற மிஷினுங்க."

அவர் வாயைத் திறப்பதற்குள் நான் சுவிட்சைப் போட்டுவிட்டேன்.

அஞ்சலை, நீ பார்த்திருக்க வேண்டும்! உன் மிஷின் ஒரு குலுக்குக் குலுக்கியது. தரை வாட்டம் தெருப்பக்கம்தானே? கடகடவென்று கிளம்பிவிட்டது. நேராக இன்ஸ்பெக்டரைப் பார்த்து. அவர் இந்தப் பக்கம் ஒதுங்கினார், அதுவும் இந்தப் பக்கம் திரும்பியது.

"அம்மா! நிறுத்துங்கம்மா!"

"நிக்க மாட்டேங்குதுங்க!"

அரிசி மூட்டைமேல் ஏறி நின்றுகொண்டார். ஒயர் விறைத்து, பிளக் படீரென்று பிடுங்கிக்கொண்டு வந்தது. சாக்கடைக்கு ஒரு முழம் முன்னால் மிஷின் நின்றது. கொட்டாய் முழுக்க, நீ அரைத்து மிஷினுக்குள் மிச்சம் விட்ட மிளகாய்ப் பொடி. இன்ஸ்பெக்டர் மூட்டைமேல் நின்று தும்முகிறார், நான் தும்முகிறேன், தெருவில் போன நாய்கூடத் தும்மியது. போச்சு, மளிகைக்காரர் வண்டி வந்தாச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. அண்ணன் வாசற்படியில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. மிளகாயாலா, உன்னாலா, நான் கேட்கவில்லை.

"அஞ்சலை இருந்திருந்தா மாட்டையும் பூட்டியிருப்பா!" என்றான்.

உன் பேரைச் சொல்லி அவன் சிரித்தான், அஞ்சலை. எனக்குத் தும்மலே நின்றுவிட்டது.

இன்ஸ்பெக்டர் கீழே இறங்கிச் சட்டையைத் தட்டிக்கொண்டார். "ரூல்ல எல்லாம் இருக்குதும்மா. மிஷின் துரத்தினா என்ன செய்யணும்னுதான் இல்லை." அவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. "சக்கரத்தக் கழட்டுங்க. போல்ட்டுப் போட்டுத் தரையோட இறுக்குங்க. பைப் போட்டு எர்த்தையும் கட்டினா அடுத்த வாரமே கையெழுத்துப் போடறேன். பைப் போட ஆள் இருக்குதா?"

நான் வாயைத் திறக்கவில்லை. ஆமாம், ஓயாமல் பேசுகிற நான்தான்! தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நான் போடறேன் சார்" என்றான் அண்ணன்.

இப்போது காலையில் நம் குருசுக்குப்பத்துப் பெண்கள் மிளகாயோடு வந்து வரிசை கட்டுகிறார்கள். ஆலைக்குப் போகும் முன் அண்ணன்தான் கொட்டாயைத் திறந்து முதல் ஈடு அரைத்துக் கொடுக்கிறான். நன்றாக அரைக்கிறான், உன்னைவிட நைசாக. கோபித்துக்கொள்ளாதே, உண்மை அது.

மிச்ச ஒயரைக் கைவிளக்குக்கு வைத்துக்கொள்ளச் சொன்னார் இன்ஸ்பெக்டர். அதுதான் நிஜமாகவே நகர்கிறதாம். பிளக் மாட்டும்போது அண்ணனுக்கு ஒரு விஷயம் காட்டிக் கொடுத்தார். மற்ற இரண்டு ஒயரைவிட எர்த் ஒயரைக் கொஞ்சம் நீளமாக விட வேண்டுமாம். யாராவது வெடுக்கென்று இழுத்தால் மற்றதெல்லாம் முதலில் பிடுங்கிக்கொள்ளும், ஆளைக் காப்பாற்றுகிற இது மட்டும் கடைசி வரைக்கும் பிடித்துக்கொண்டிருக்கும்.

அண்ணன் என்னை ஓரக்கண்ணால் பார்த்தான். "நம்ம பாக்கியம் மாதிரி. லேசுல உடாது."

கிண்டல்தான். ஆனாலும் நான் அதை வாக்காகவே எடுத்துக்கொண்டேன், அஞ்சலை. அவனை விடமாட்டேன். நீ நிம்மதியாக இரு.

உன் வீட்டுக்காரனைப் பிடித்துக்கொண்டிருக்கும்
உன் நாத்தனார்,
பாக்கியம்