வாசலில் இரண்டு கொடிகள்

கோப்பாய்
20.08.1990

அன்பு மகள் யசிந்தாவுக்கு,

நான் சுகம். பிள்ளையும் சுகம். இரண்டாவதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும், பேனை முந்திவிட்டது.

தாதியர் பரீட்சைக்கென்று நீ கொழும்புக்குப் போய் மூன்று கிழமையில் வருவதாக இருந்தது. சண்டையில் பாதை மூடி இரண்டு மாதம் கடந்துவிட்டது. என்னிடம் விட்டுப்போன உன் பிள்ளை அருமைக்கு இப்போது பத்து மாதம், கீழே இரண்டு பல். குருநகர் வீட்டில் ஷெல்லுக்குள் இருக்க இயலாமல் இங்கே ஒரு அறை எடுத்திருக்கிறேன். முப்பத்தாறு வருஷம் புகையிரத நிலைய அதிபராக இருந்தவனுக்கு, பாதை எப்போது திறக்கும் என்று சொல்லத் தெரியவில்லை.

உன்னைக் கேளாமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். சரியோ பிழையோ தெரியாது. இதை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். இங்கே தேவாலயத்துக்குப் பின்னால் உள்ள மண்டபத்தில் ஒரு பகல் பராமரிப்பு நிலையம் இருக்கிறது. வெங்காயத் தோட்டத்துக்குப் போகும் தாய்மாரும் இரண்டு மூன்று ஆசிரியைகளும் காலையில் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிறார்கள். பதினெட்டுப் பிள்ளைகள்: கைக்குழந்தை ஐந்து, தத்தி நடப்பவை ஏழு, மூன்று வயதுக்கு மேலே ஆறு. கத்தரீனா என்பவர் நடத்துகிறார். இராசாத்தி என்று ஒருவர் உதவி. அருமையை அங்கே சேர்த்துவிட்டேன். என் கையால் பால் கரைத்துக் கொடுத்து அவள் மெலிந்துகொண்டு போனாள். அதுதான் உண்மை.

முதல் நாள் பாயில் விட்டேன். ஒரு கிலுகிலுப்பையைப் பிடித்து ஆராய்ந்துகொண்டிருந்தாள். நல்ல தருணம் என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மெல்ல நழுவினேன். கத்தரீனா வாசலை மறித்து நின்றார்.

"என்ன மாஸ்ரர், கோழி களவெடுத்தவன் மாதிரிப் பதுங்கிப் பதுங்கிப் போறியள்?"

"பிள்ளை கண்டால் அழும்."

"அழட்டும். அதுக்குத்தானே நாங்கள் இருக்கிறம். போய் முன்னாலை இருந்து, முகத்தைப் பாத்து, 'போட்டு வாறன்' எண்டு சொல்லிப்போட்டுப் போங்கோ."

"பத்து மாதப் பிள்ளைக்கு அது விளங்குமோ?"

"பிள்ளைக்கு விளங்கும். உங்களுக்கு எப்ப விளங்குமெண்டுதான் தெரியேல்லை."

அத்தனை பேர் முன்னிலையில் அந்த விடைபெறும் சொல்லைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. அதனால் பொழுதுபட, பிள்ளையைக் கூட்டிப்போகும் நேரம் வரை, ஒரு மூலையில் குந்திக்கொண்டிருந்துவிட்டேன்.

மகள், நான் என்ன கண்டேன் என்று எழுதவேண்டும். கத்தரீனா சுவருக்கு அப்பால் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபடி அழுகுரலை மட்டும் கேட்டு, "அது பசியில்லை இராசாத்தி, துணி நனைஞ்சிட்டுது" என்கிறார். போய்ப் பார்த்தால் நனைந்துதான் இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதனதன் தாயின் பழஞ்சேலையில் கட்டிய ஏணை. ஒருத்தியின் சேலையில் இன்னொருத்தியின் பிள்ளை படுப்பதில்லை. ஒரு குழந்தையையும் சொல்லாமல் தூக்குவதில்லை. குனிந்து, "தூக்கப் போறன்" என்று இரண்டு கையையும் நீட்டிக் காத்திருக்கிறார். என் கைக்கடிகாரத்தில் மூன்று நொடி. அதற்குள் அந்தச் சின்னக் கைகள் தாமாக எழும்புகின்றன. மூன்று மாதக் குழந்தைகூட உடம்பைச் சற்று இறுக்கித் தயாராகிறது. நம்பமாட்டாய். நானும் நம்பாமல் பதினொரு தரம் பார்த்தேன்.

நாளைக்கும் போவேன். பிள்ளையை விடத்தான்.

உன் அப்பா
செ. நீக்கிலாப்பிள்ளை


கொழும்பு
11.10.1990

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் ஏழு கிழமை பிரயாணம் செய்து வந்தது. பிள்ளையை அங்கே சேர்த்ததற்கு மன்னிப்புக் கேட்பதுபோல் எழுதியிருக்கிறீர்கள். நான் அதை வாசித்த பிறகுதான் வயிறாரச் சாப்பிட்டேன். இவரும் சவூதியிலிருந்து எழுதியிருந்தார். மகளுக்கு இரண்டு பல் என்று உடனே அறிவித்திருக்கிறேன்.

அப்பா, அவள் நித்திரை கொள்கிறாளா? அதைப் பற்றி மட்டும் நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. நீங்கள் எழுதாமல் விடுவதைத்தான் நான் முதலில் தேடுவேன், தெரியும்தானே.

இன்னொன்று. நான் வரும்போது அவள் என்னை யாரோ என்று பார்ப்பாளா? பகலெல்லாம் வாட்டில் மற்றவர்களின் பிள்ளைகளைத் தூக்குகிறேன். என் பிள்ளை என்னைக் கண்டு அழுதால் நான் தாங்கமாட்டேன். எனக்காக இனிப்பாக்காமல் உள்ளதை எழுதுங்கள்.

உங்கள் மகள்
யசிந்தா


கோப்பாய்
15.12.1990

அன்பு மகளுக்கு,

நீ கேட்டது சரி. அவள் நித்திரை கொள்ளவில்லை. அதனால்தான் எழுதவில்லை.

ஒரு மணிக்கு மண்டபமே உறங்கும். அருமை மட்டும் என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு கண்ணை விழித்து விழித்துப் பார்ப்பாள். சொருகும், திடுக்கிட்டுத் திறப்பாள். வயிற்றுக் குத்து என்று ஓமத் தண்ணீர் கொடுத்தேன். ஒரு நாள் கத்தரீனா கேட்டார்:

"தாய் போகேக்கை பிள்ளை என்ன செய்துகொண்டிருந்தது?"

"நித்திரை."

"ஆர் அப்பிடிப் போகச் சொன்னது?"

"நான்தான்," என்றேன். அன்று பயணப் பையோடு நின்ற உன்னிடம், பிள்ளை உறங்கட்டும், பிறகு போ என்று சொன்னவன் நான்தானே.

அவர் கையிலிருந்த துடைப்பத்தைச் சுவரில் சாத்தினார். ஏசுவார் என்று நினைத்தேன். மெல்லத்தான் சொன்னார்: "அதுதான் மாஸ்ரர் உவள் கண்ணை மூடப் பயப்பிடுறாள். மூடித் திறந்தால் ஆள் இல்லாமல் போகுமெண்டு ஒருக்காக் கண்டிட்டாள்."

பேசத் தெரியாத பிள்ளை இவ்வளவையும் தனக்குள் வைத்திருந்தது, மகள். நான் அதற்கு ஓமத் தண்ணீர் கொடுத்திருக்கிறேன்.

அன்று தொடக்கம் வைத்தியம். ஏணையில் இடும்போது நான், "அப்பு இதிலைதான் இருக்கிறன்" என்று சொல்லவேண்டும். சொன்ன இடத்தைவிட்டு, அவள் எழும்புமட்டும் அசையக்கூடாது. தண்ணீர் குடிக்கவும் எழும்பவிடமாட்டார் கத்தரீனா. நாற்பத்து மூன்று நாள் அப்படி இருந்தேன். நாற்பத்து நாலாம் நாள் அவள் பொத்தானைத் தானே விட்டாள். ஒரு மணி நாற்பது நிமிடம் உறங்கினாள். எழும்பி என்னைக் கண்டு, சிரிக்கக்கூட இல்லை. நான் இருப்பேன் என்று தெரிந்தவள்போலக் கொட்டாவி விட்டாள். கத்தரீனா பார்க்குமுன் நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

உன் படம் சுவரில் இருக்கிறது. பெரியவர்கள் பார்க்கும் உயரத்தில் அல்ல, தவழ்ந்து வந்து எழும்பி நிற்கும் பிள்ளையின் கண் உயரத்தில். தினமும் அதைக் காட்டி, "அம்மா கொழும்பிலை. வருவா" என்று சொல்கிறோம். அழுவாளா என்று எனக்குத் தெரியாது. கத்தரீனாவைக் கேட்டேன். "அழுதால் அழட்டும். ஆரெண்டு தெரியாமல் அழமாட்டாள்" என்றார்.

இன்னொன்று, பெருமை என்று நினையாதே. ஓய்வு பெற்ற அன்று திருப்பிக் கொடுக்க மறந்த பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும் என்னிடம் இருந்தன. அருமைக்கு விளையாட்டுக் காட்டக் கொண்டுபோனேன். பிலிப்பு என்று இரண்டரை வயதுப் பயல், காலையில் தாயின் சேலையை விடாமல் கத்துகிறவன், அதைப் பறித்துக்கொண்டான். கத்தரீனா அந்த இடத்திலேயே ஒரு சட்டம் போட்டுவிட்டார். தாய் "போட்டு வாறன்" என்று சொல்லவேண்டும். பிள்ளை பச்சை காட்டினால்தான் அவள் போகலாம். சிவப்பு காட்டினால் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கவேண்டும். சிவப்பு மூன்று தரம் வருவதுண்டு. நாலாம் தரம் இன்றுவரை ஒரு பிள்ளையும் காட்டவில்லை.

நானும் வாழ்நாளெல்லாம் கொடி காட்டினேன். வண்டியைத்தான் பார்த்தேன். மேடையில் நின்றவர்களின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு இருந்ததில்லை. இப்போது வாசலில் நின்று பார்க்கிறேன்.

உன் அப்பா
நீக்கிலாப்பிள்ளை


கொழும்பு
24.02.1991

அன்புள்ள அப்பாவுக்கு,

இரண்டு முறை வவுனியா வரை வந்து, மேலே போக விடாமல் திரும்பினேன். மூன்றாவது முறைக்கு லீவு கேட்டிருக்கிறேன்.

உங்கள் டிசெம்பர்க் கடிதத்தை நாலைந்து நாள் கையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். அப்பா, கோபமாக எழுதவில்லை, அப்படி வாசிக்கவேண்டாம். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன விடியலில் எனக்கு நாலு வயது. நான் நித்திரை. எழும்பியபோது பாயில் அம்மாவின் பக்கம் குளிர்ந்திருந்தது. அது மட்டும் ஞாபகம். பிறகு அவவை நான் பெட்டிக்குள்தான் கண்டேன்.

முப்பத்திரண்டு வயதாகியும் நான் விளக்கை அணைத்துவிட்டுப் படுப்பதில்லை. அறைத் தோழிகள் பகிடி பண்ணுவார்கள். அருமையின் கதையை வாசிக்கும்வரை அது ஏன் என்று எனக்கே தெரியாது.

அருமைக்கு அம்மாவின் பெயரை வைக்கச் சொன்னது நீங்கள். அதனால் கேட்கிறேன். அன்று அம்மா என்னைப் பற்றி ஏதாவது சொன்னாவா?

யசிந்தா


கோப்பாய்
07.07.1991

அன்பு மகளுக்கு,

அருமை ஓடுகிறாள். கரண்டியால் தானே சாப்பிடுகிறாள். அவள் கையில் ஒரு கரண்டி, இராசாத்தியின் கையில் ஒரு கரண்டி. பிள்ளை தன் கரண்டியோடு போராடும்போது மற்றது சோற்றை வாய்க்குள் சேர்த்துவிடுகிறது. தான்தான் சாப்பிட்டேன் என்ற பெருமை முழுவதும் பிள்ளைக்கு.

போன செவ்வாய்க்கிழமை பொம்பர் விமானம் வந்தது. பயப்படாதே, எல்லோரும் சுகம். கத்தரீனா இரண்டு தரம் கை தட்டி, "ஆமையள் எல்லாம் வீட்டுக்கு!" என்றார். பெரிய பிள்ளைகள் ஆறும் ஆமையாகி முற்றத்தில் ஊர்ந்து பங்கர்க் குழிக்குள் போயின. ஏழு சின்னன்கள் முடிச்சுப் போட்ட கயிற்றில் ஆளுக்கொரு முடிச்சைப் பிடித்துக்கொண்டு இராசாத்திக்குப் பின்னால் நடந்தன. கைக்குழந்தைகளுக்கு மூன்று பனையோலைக் கடகம், உள்ளே துணி. ஒரு கடகத்தில் இரண்டு பேர். அது என் பொறுப்பு. கத்தரீனா குனிந்து, "தூக்கப் போறன்" என்று கையை நீட்டினார். காத்திருந்தார். ஐந்து பிள்ளைக்கும் அப்படியே செய்தார். மேலே அது சுற்றுகிறது. நான் பொறுக்கமாட்டாமல், "கெதியா, கெதியா" என்று கத்தினேன்.

"மாஸ்ரர், நான் பறிச்சுத் தூக்கினால் எல்லாம் குழறும். ஒண்டு குழறினால் பதினெட்டும் குழறும். பிறகு சிதறி ஓடுற ஆமையளைத் தேடி நீங்கள் போறியளோ?"

கைதட்டியதிலிருந்து கடைசிப் பிள்ளை உள்ளே வரும்வரை ஒரு நிமிடம் ஐம்பது நொடி. ஒரு குரலும் எழவில்லை. இருட்டுக்குள் இருபத்தொரு பேரும் மூச்சு விடுவது கேட்டது. அறுபது வருஷமாகத் தேவாலயத்தில் முழந்தாளில் நின்றிருக்கிறேன். அந்தக் குழிக்குள் இருந்தபோதுதான், யார் முன்னிலையில் இருக்கிறோம் என்ற நடுக்கம் எனக்கு வந்தது. இதைச் சாமியாருக்குச் சொல்லிவிடாதே.

நீ கேட்டிருந்ததற்குப் பதில் எழுத இந்தத் தாளில் இடம் போதாது.

அப்பா


கொழும்பு
19.10.1991

அப்பா,

லீவும் கிடைத்தது, பயண அனுமதிப் பாஸும் கிடைத்தது. கார்த்திகையில் வருகிறேன். அருமையைக் கூட்டிக்கொண்டு இவரிடம் போக விசாவும் சரிவரும்போல் இருக்கிறது. நீங்களும் எங்களோடு கொழும்புக்கு வாருங்கள்.

உங்கள் கடைசிக் கடிதத்தில் பாதித் தாள் வெறுமையாக இருந்தது. மடித்து வைத்திருக்கிறேன்.

யசிந்தா


கோப்பாய்
08.12.1991

அன்பு மகளுக்கு,

நீங்கள் இருவரும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்த தந்தி கிடைத்தது.

நீ மண்டபத்துக்குள் வந்ததும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாய். அதனால் ஒன்றை நீ காணவில்லை. அருமை உன்னைப் பார்த்தாள். ஓடிப்போய்ச் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். திரும்பி உன்னைப் பார்த்தாள். பிறகு கத்தரீனாவிடம், யாருக்கும் கேட்கக்கூடாத இரகசியம்போல, "கொழும்பு வந்திட்டுது" என்றாள். அழவில்லை. நீ அன்று கேட்ட கேள்விக்கு அதுதான் பதில்.

நீ இங்கே இருந்த ஒன்பது நாளும் உன் மற்றக் கேள்விக்குப் பதில் சொல்ல வாயைத் திறந்து திறந்து மூடினேன். "வாங்கோவன் அப்பா" என்று நீ கூப்பிட்டபோது, இங்கே கடகங்கள் என் பொறுப்பு என்று சொன்னேன். அது உண்மை. உன் முகத்துக்கு முன் இருக்கத் துணிவில்லை என்பதும் உண்மை.

பயண நாள் உனக்கும் ஞாபகம் இருக்கும். வான் வண்டிக்குள் நீ ஏறிய பிறகும் என் அருகில் நின்ற அருமை சிவப்பைக் காட்டினாள். இறங்கி நின்றாய். மறுபடியும் சிவப்பு. சாரதி ஹோர்ன் அடித்தான். "என்ன பெரியவர், உது விளையாடுற நேரமே?" என்றான். வாழ்க்கையில் நான் யாரையும் எதிர்த்துக் கதைத்ததில்லை. "தம்பி, உது விளையாட்டில்லை, சிக்னல். நிப்பாட்டும்" என்றேன். அவன் இயந்திரத்தையே நிறுத்திவிட்டான். மூன்றாம் சிவப்புக்குப் பிறகு அவள் அதை என் கையில் தந்தாள். "அப்பு, போட்டு வாறன்" என்றாள். பச்சையைத் தானே உயர்த்தினாள். அதோடு போய்விட்டாள். சிவப்பு மட்டும் இங்கே இருக்கிறது. வண்டி தெரு முனையில் திரும்பி மறையும்வரை நான் முகத்தைத் திருப்பவில்லை.

இரண்டு வயதுப் பிள்ளை செய்ததை எழுபதை நெருங்கும் நான் செய்யாமல் இருக்கக்கூடாது.

1963 மாசி மாதம் ஒன்பதாம் திகதி, விடிய ஐந்தேகால். கார் வாசலில் நின்றது. உன் அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளையை எழுப்புங்கோ, சொல்லிப்போட்டுப் போறன்" என்றாள். நான், "நித்திரை குழம்பினால் அழுவாள். நாளைக்கு வந்திடுவாய்தானே" என்றேன். காரில் ஏறிய பிறகு என்னைக் கூப்பிட்டாள். "அப்ப நீங்களே சொல்லுங்கோ. அம்மா போட்டு வாறாவாம் எண்டு."

நீ எழும்பியதும் சொல்லியிருக்கலாம். நாளைக்கு வந்துவிடுவாள், அவளே சொல்லட்டும் என்று இருந்துவிட்டேன். அவள் வராமல் போன பிறகு, வருவதாகச் சொன்ன சொல்லை எப்படிப் பிள்ளைக்குக் கொடுப்பது என்று பயந்தேன். இருபத்தெட்டு வருஷமாக அதை நான்தான் வைத்திருக்கிறேன். அது உனக்குரியது.

யசிந்தா, அம்மா போட்டு வாறாவாம்.

உன் அப்பா
செ. நீக்கிலாப்பிள்ளை


கொழும்பு
22.01.1992

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை அருமையை மடியில் வைத்துக்கொண்டு வாசித்தேன். அந்த வரி வந்ததும் சத்தமாக வாசித்துவிட்டேன்.

"ஆர் போட்டு வாறா?" என்று கேட்டாள்.

"என்ரை அம்மா," என்றேன்.

மடியிலிருந்து இறங்கிப் போனாள். பச்சைக் கொடியைக் கொண்டுவந்து என் கையில் திணித்து, "காட்டுங்கோ" என்றாள். கத்தரீனா ரீச்சரின் அதே அதட்டல்.

என்னால் உடனே இயலவில்லை, அப்பா. சிவப்பு உங்களிடம் இருப்பதால், கயிற்றில் காய்ந்துகொண்டிருந்த அவளுடைய சிவப்புச் சட்டையை எடுத்துக் காட்டினேன். மூன்று தரம். அவள் பொறுமையாகப் பக்கத்தில் இருந்தாள். பிறகு பச்சையைக் காட்டினேன்.

நேற்று விளக்கை அணைத்துவிட்டுத்தான் படுத்தோம். இரண்டு பேரும் விடியும்வரை நித்திரை.

உங்கள் மகள்
யசிந்தா